நிற்காமல் போன புதுக் கோச்சி

பழைய கோச்சியை நாங்கள்தான் வெறுத்தோம். கதவு பூட்டாது, யன்னல் திறக்காது, மழை வந்தால் ரயில்பெட்டிக்குள் குடை பிடிக்க வேண்டும். காலையில் அதில் ஏறி வவுனியாவில் உள்ள அச்சகத்துக்கு வேலைக்குப் போய், பின்னேரம் அதிலேயே திரும்பி, மாங்குளத்துக்குத் தெற்கே காட்டோரமாகக் கிடக்கும் எங்கள் சின்னத் தரிப்பிடத்தில் இறங்குவேன். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேறிய சனத்தின் தரிப்பிடம். பத்துப் பேர் ஏறினால் அது கூட்டம். வீட்டில் அம்மா தனிய. இருட்டுமுன் நான் படலையைத் திறந்தால்தான் அவா விளக்குப் போடுவா. என் வேலையும் வீடும் அந்த ஒரு நிறுத்தத்தில்தான் முடிச்சுப் போட்டுக் கிடந்தன.

கிளிநொச்சியில் ஏறும் வங்கிக்காரி ஒருத்தி எனக்கு இடம் பிடிப்பாள். சீற்றில் கைத்துடைக்கும் லேஞ்சியை விரித்துவிட்டால் போதும், ஒருவரும் அதில் இருக்கமாட்டார்கள். பெட்டியின் சட்டம் அது. "வழி விடுங்கோ அண்ணை, காட்டுராணி வாறா" என்பாள். பெட்டி சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவளுடைய புட்டும் என்னுடைய ரொட்டியும் கை மாறும்.

புதுக் கோச்சி வரப்போகுதென்று கதை வந்தது.

"யப்பானிலயிருந்தாம்."

"யப்பான்காரன் தன்ர பழசை எங்களுக்குத் தள்ளுறான்."

"அவன்ர பழசு எங்கட புதுசைவிடப் புதுசு ஐயா" என்றாள் வங்கிக்காரி.

பயணிகளின் குறைகளைக் கேட்க அதிகாரிகள் கூப்பிட்டபோது, பெட்டியின் சார்பில் அவளைத்தான் அனுப்பினோம். மூன்று பாஷையும் தெரிந்தவள். திரும்பி வந்து என் தோளில் தட்டினாள். "எல்லாம் சொல்லிப்போட்டன் அக்கா."

கிணறோ, லொறியோ, எங்கள் ஊருக்குப் புதிதாக எது வந்தாலும் நிறைகுடம் வைத்துத்தான் எடுப்போம். புதுக் கோச்சிக்கும் வைத்தோம். அம்மா தன் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு மினுக்கித் தந்தா. மேடையில் வாழை கட்டி, மேசைக்கு வெள்ளை விரித்து, கர்ப்பூரத்தட்டோடு நின்றோம். வீட்டுக்கு வருகிற ஒன்றை வரவேற்பது போல.

நீலமாக வந்தது. கூவியது. வேகம் குறையவில்லை. பூட்டிய கதவுகள், கறுப்புக் கண்ணாடிகள்; எங்கள் முகங்களே அதில் ஓடி ஓடி அறுந்தன. கடைசிப் பெட்டியின் காற்றில் குடம் சரிந்தது. தேங்காய் உருண்டு போய்த் தண்டவாளக் கல்லில் கிடந்தது.

சீட்டுக் கொடுப்பவர் தலை குனிந்து நின்றார். "எனக்கே இப்பதான் சொன்னவை. இனி இங்க நிப்பாட்டாது. பயணிகளே கேட்டவையாம்."

பஸ் பிடித்து வவுனியாவுக்குப் போனேன். மத்தியானம் வங்கி வாசலில் அவளைக் கூப்பிட்டேன்.

"நீ கேட்டனியா?"

"உங்கட இடத்தைப் பேர் சொல்லிக் கேக்கேல்லை அக்கா. சின்னச் சின்ன இடத்தில நிக்கிறதைக் குறைச்சா வேளைக்குப் போகலாமெண்டு சொன்னனான். பெட்டியில எல்லாரும் சொன்னதுதானே."

"எனக்குத் தெரியாமல் எல்லாரும் எப்ப சொன்னவை?"

அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"நீங்கள் ஏற முதல்."

கிளிநொச்சியிலிருந்து என் தரிப்பிடம் வரும் வரைக்கும் அந்தப் பெட்டியில் என்ன கதைப்பார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனை வருஷமாக அவர்களுக்கு என் ஊர் ஒரு தாமதம். நான் ஏறியதும் கதையை மாற்றி, சிரித்து, புட்டு நீட்டியிருக்கிறார்கள். அந்தப் புட்டு உண்மை. அதுதான் நெஞ்சுக்குள் நிற்கிறது.

"பஸ் இருக்குத்தானே அக்கா" என்றாள்.

இருக்கிறது. ஆனால் பின்னேரப் பஸ் என்னை இருட்டியபிறகுதான் காட்டு வீதியில் இறக்கும். யானை நடக்கும் வழி. வவுனியாவில் ஓர் அறை எடுத்துவிட்டேன். ஊருக்குப் போவது சனிக்கிழமைதான். பின்னேரங்களில் அம்மா போன் எடுத்து, "சாப்பிட்டியா?" என்கிறா. "ஓம்" என்கிறேன். பிறகு கதைக்க ஒன்றுமில்லை. வைக்கவும் மனம் வராமல் இருவரும் போனைப் பிடித்தபடி இருக்கிறோம்.