வேலிக்கு அப்பால் ஏழு கடல்

கிடைக்காததையே பாடிப் பழகிய ஒருவனுக்கு அது கிடைத்துவிடும்போல் இருந்தால் என்ன செய்வான்? மானிப்பாய்ச் செபநாயகத்தின் வாழ்க்கை கேட்ட கேள்வி இதுதான்.

அவன் சங்கக்கடையில் அரிசி நிறுப்பவன். ஞாயிறுகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவன். கலியாண வீடுகளில் தானே கட்டிய பாட்டொன்றையும் பாடுவான். 'ஏழு கடல் நடுவே கிடக்க, என் தோணிக்குத் துடுப்பில்லையே' என்று அது தொடங்கும். நல்ல பாட்டென்று சொல்ல முடியாது, அழவைக்கிற பாட்டு. அவன் தோணியில் ஏறியதே இல்லை. பாட்டின் அக்கரையில் இருந்தவள் பக்கத்து வளவுப் பியாட்றிஸ், அதே தேவாலயத்தில் ஓகன் இசைப்பெட்டி வாசிப்பவள். ஒரே சபை, ஒரே சாதிசனம். கேட்டிருந்தால் அவள் தகப்பன் வின்சன்ற் மறுத்திருக்கமாட்டார். நடுவே இருந்தது ஒரு கிடுகுவேலி. அதிலும் ஆள் புகுந்து போய்வர ஒரு பொட்டு, சின்னத் திறப்பு, இருந்தது. செபநாயகம் கேட்கவில்லை. ஏழு கடல் உள்ளவனுக்குப் பொட்டு எதற்கு?

தொண்ணூற்றிரண்டில் அவளுக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தியது. பெண்ணின் குரலைக் கசெற்றில் பதிந்து அனுப்புவது அப்போது வழக்கம். வின்சன்ற் பொட்டால் தலையை நீட்டினார்.

"தம்பி, பிள்ளை வெட்கத்திலை ரெண்டு சொல்லோடை நிப்பாட்டிப்போட்டாள். மிச்சத்துக்கு உன்ரை கடல் பாட்டைப் பாடிவிடு."

மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து வின்சன்ற் பெடலைச் சுற்றினார். அதன் டைனமோவில் றெக்கோடர் ஓடியது. அவளுக்காகக் கட்டிய பாட்டைச் செபநாயகம் அவளுடைய மாப்பிள்ளைக்குப் பாடினான். பாட்டு நல்லது, பின்னால் கேட்ட அலைச்சத்தம் அதைவிட நல்லது என்று கனடாவிலிருந்து பதில் வந்தது. அது டைனமோ இரைந்த சத்தம். வின்சன்ற் விழுந்து விழுந்து சிரித்தார். பியாட்றிஸ் சிரிக்கவில்லை.

போரால் பாதைகள் மூடியிருந்த காலம். கொழும்புக்குப் போவதென்றால், நிலம் சூழ்ந்த கடல்நீர்க் களப்பான கிளாலியில் படகேற வேண்டும். மகளைக் கூட்டிக்கொண்டு வின்சன்ற் புறப்பட, பெட்டி தூக்கச் செபநாயகமும் போனான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படகு சற்றுத் தள்ளி நின்றது. வின்சன்ற் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி முன்னால் நடந்துபோய் ஏறிவிட்டார். செபநாயகம் பெட்டியைத் தலையில் வைத்துத் தண்ணீரில் இறங்கினான். பக்கத்தில் பியாட்றிஸ்.

"இவ்வளவுதானோ உங்கடை கடல்? இடுப்புக்கும் வரேல்லை."

"உது களப்பு. கடல் வேறை."

"ஓம், உங்கடை கடல் எப்பவும் வேறைதான்." அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். "அந்தப் பாட்டு ஆரை நினைச்சுக் கட்டினது? ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இப்பவே திரும்புறன்."

வழக்கமாகச் சொல்லும் 'அண்ணை' அதில் இல்லை. அவன் அதைக் கவனித்தான்.

"கெதியா வாங்கோ! பெட்டியை நனைச்சுப்போடாதை!" என்று வின்சன்ற் கத்தினார்.

செபநாயகம் பெட்டியைப் படகில் ஏற்றினான். நனைந்த ஓரத்தைத் துவாயால் துடைத்தான். அவள் ஏறக் கை கொடுத்தான். பிறகு கரையைப் பார்த்து நடந்தான்.

கொழும்பிலிருந்து திரும்பிய வின்சன்ற் பொட்டடியில் நின்று கேட்டார். "பிள்ளை வழிநெடுக ஒண்டும் கதைக்கேல்லை. உன்னட்டை ஏதும் சொன்னவளோ?"

"தண்ணி ஆழமில்லையெண்டு சொன்னவள், மாமா."

அடுத்த கலியாண வீட்டிலும் அதே பாட்டைப் பாடினான். ஏழு கடலில் ஒன்றையும் குறைக்கவில்லை. கிளாலியில் ஏன் வாய் திறக்கவில்லையென்று எவருக்கும் சொன்னதில்லை.