வெளியில் நின்ற தம்பி

கமலாசனி டீச்சர் பொதி கட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒரு கைப்பைக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒரு கிழமை யோசிப்பார். கத்தரிக்கோல் வேண்டாம், ஊசி வேண்டாம், பற்றரி போட்ட சாமான் எதுவுமே வேண்டாம். "நாடு இருக்கிற நிலையில அவங்களுக்கு ஒரு சாட்டுக் குடுக்கக் கூடாது, றிஸ்வி" என்பார். கண்டியில் காலமெல்லாம் கணக்குப் படிப்பித்தவர் அல்லவா, விடை பிழைக்கக் கூடாது.

நான் கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் வாடகைக்கு வான் ஓட்டுகிறவன். அது 1998. கண்டியில் புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகையில் புலிகளின் குண்டு வெடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் சந்திக்குச் சந்தி இறக்கி ஏற்றுவார்கள். அந்த நேரத்தில்தான் டீச்சர் லண்டனுக்குப் புறப்பட்டார். ஒரே மகள் வதனி அங்கே பிள்ளைத்தாய்ச்சி. முன்பு இரண்டு தரம் கரு தங்கவில்லை. இந்தத் தரம் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்குக் கப்பலில் வேலை, பக்கத்தில் ஒருவரும் இல்லை. பிள்ளை பிறப்பதற்குள் டீச்சர் அங்கே போயாக வேண்டும்.

டீச்சருக்கு ஒரு தம்பி, நவரட்ணராஜா. தாய் தகப்பன் போன பிறகு அவரை யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டிவந்து, தன் சம்பளத்தில் படிப்பித்து, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் உத்தியோகத்தில் ஏற்றிவிட்டவர் டீச்சர்தான். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் இருவரும் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். தம்பியை உள்ளே தள்ளிவிட்ட பிறகுதான் டீச்சர் படியில் கால் வைத்தார். கூடப்பிறப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று என் வாப்பா எங்களுக்கு எடுத்துச் சொல்வார்.

புறப்படும் நாள் காலை, துணியால் சுற்றி நாலு பக்கமும் தைத்த ஒரு தகரப் பேணியோடு நவரட்ணராஜா என் வானுக்குள் ஏறினார். லண்டனில் படிக்கும் தன் மகனுக்காம்.

"என்ன தம்பி இது?"

"ஒடியல் மா, அக்கா. பனங்கிழங்கு வாங்கி மனிசி இடிச்சுத் தந்தவள்."

"மா மட்டும்தானே?"

"வேற என்ன? என்னை நம்பமாட்டியளோ அக்கா?"

தைத்துக் கொடுத்த பொதியைப் பிரித்துப் பார்ப்பது, கொடுத்தவரின் முகத்தில் அறைவதற்குச் சமம். டீச்சர் அதை அப்படியே கைப்பைக்குள் வைத்தார்.

விமான நிலையத்துக்கு வெளியே இருந்த தரிப்பிடத்திலேயே எங்களை மறித்துவிட்டார்கள். பயணி மட்டும்தான் உள்ளே போகலாம். டீச்சர் பயணிகளை உள்ளே கொண்டுபோகும் பஸ்ஸில் ஏறினார். "பிளேன் எழும்பும் மட்டும் நிண்டிட்டுப் போங்கோ" என்று ஜன்னலால் சொன்னார். "ஓம் அக்கா, நிக்கிறன்" என்றார் நவரட்ணராஜா.

உள்ளே நடந்ததை டீச்சர் பிறகு சொன்னார். வரிசை நகரவே இல்லையாம். முதல் வாசலில் ஒரு தரம், அடுத்த வாசலில் ஒரு தரம், பெண்களைத் தடவிப் பார்க்கும் மறைப்புக்குள் ஒரு தரம். சீலை மடிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. மற்றவர்கள் கடந்து போய்க்கொண்டிருக்க, யாழ்ப்பாணத்தார் ஓர் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. கடைசியில் கைப்பையை மெஷினுக்குள் விட்டார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றுவிட்டான். பேணிக்குள் என்ன என்று கேட்டார்கள். மா மட்டும்தான் என்று டீச்சர் அடித்துச் சொன்னார். தையலை வெட்டி மாவைக் கொட்டினார்கள். பற்றரி போட்டபடியே ஒரு மேசை மணிக்கூடு உள்ளே டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மகன் பள்ளிக்கூடத்தில் பரிசாக எடுத்த மணிக்கூடு. கண்ணாடிச் சாமானை உடையாமல் மாவுக்குள் புதைத்து அனுப்புவது நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். சொன்னால் அக்கா தொடமாட்டார் என்று தம்பி மறைத்திருக்கிறார். இதுவரைக்கும் மன்னிக்கலாம்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று இரண்டு பொலிஸ்காரர் டீச்சரை ஜீப்பில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். அவர் முகத்தில் கலக்கமே இல்லை. எங்களைக் கண்டதும் சிரிக்கக்கூடச் செய்தார்.

"தம்பி, உள்ளுக்கு என்ன இருந்தது, ஆர் தந்தது எண்டு நீயே இவையளுக்குச் சொல்லு."

நவரட்ணராஜா தன் கந்தோர் அட்டையை எடுத்து நீட்டினார். பிறகு அழகான சிங்களத்தில் சொன்னார்: "நான் ஒன்றும் கொடுக்கவில்லை சேர். இவர் எனக்குத் தூரத்துச் சொந்தம். வானில் இடம் இருந்ததால் கூட வந்தேன். என்ன கட்டினார் என்று எனக்குத் தெரியாது."

பொய், இவர் கொடுத்ததை நான் கண்ணால் கண்டேன் என்று கத்தினேன். உன்னிடம் யார் கேட்டது என்று ஒரு பொலிஸ்காரர் என்னைப் பின்னால் தள்ளினார். டீச்சர் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ என் வானின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேணிக்குள் வைத்தது யார் என்று மற்றப் பொலிஸ்காரர் டீச்சரிடம் கடைசியாகக் கேட்டார்.

"நான்தான் வைச்சனான்" என்றார் டீச்சர்.

பிளேன் போய்விட்டது. டீச்சரை நாலு நாள் வைத்திருந்தார்கள். நானும் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்து அதிபரும் ஏறி இறங்கித்தான் வெளியே எடுத்தோம். நவரட்ணராஜா அந்தப் பக்கம் தலைகூடக் காட்டவில்லை. இனி அவனை 'அவர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதற்கிடையில் லண்டனிலிருந்து என் வீட்டு டெலிபோனுக்குச் செய்தி வந்திருந்தது. வதனிக்குப் பிறந்த குழந்தை ஒரு பகல்கூட உயிரோடு இருக்கவில்லை. டீச்சர் போயிருந்தால் அந்தப் பிள்ளை தப்பியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சாய்ந்து அழ ஒரு மடி இருந்திருக்கும். அதைத்தான் அவன் கெடுத்தான். கண்டிக்குத் திரும்பும் வழியில் இதை நான்தான் டீச்சரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மாவனல்லையில் வானை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். நானும் டீச்சர் வீட்டில் இருந்தேன். கதிரையில் உட்காராமல் நிலத்தில் குந்தி, டீச்சரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"பயந்திட்டன் அக்கா. குண்டு வெடிச்ச நாளிலயிருந்து கந்தோரில எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பாக்கிறாங்கள். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு. பயத்தில சொல்லிப்போட்டன்."

டீச்சர் காலை இழுத்துக்கொண்டார். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை.

"எனக்குப் பயமில்லை ராசா" என்றார். "அத்தினை பேர் சுத்தி நிண்டு வெருட்டேக்கையும் எனக்குப் பயம் வரேல்லை. என்ர தம்பி வெளியில நிக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டனான்."