அருமையின் சனிக்கிழமைக் கூட்டம்

ரொட்டித் தொழிற்சாலையின் மேற்பார்வையாளருக்கு ஆட்கள் வைத்த பெயர் 'அருமை'. வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு சொல்தான். முதலாளி தும்மினாலும் அருமை என்பார். முதலாளி, அவருடைய அக்காவின் கணவர். அந்த ஒரே தகுதியில் மாவு சலிக்கும் இடத்திலிருந்து கண்ணாடி அறைக்கு ஏறிவிட்டார். பிசைந்த மாவு எவ்வளவு நேரம் பொங்க வேண்டும் என்று கேட்டால் இன்றுவரை முழிப்பார்.

போன வருடம் எங்கோ பயிற்சிக்குப் போனவர் சும்மா திரும்பவில்லை. இனி சனிக்கிழமைதோறும் எல்லாரும் மனம் திறந்து பேச வேண்டுமாம். அவரிடமே குறை சொல்லலாமாம். முதலில் ஒரு பாராட்டு, அப்புறம் குறை, முடிவில் இன்னொரு பாராட்டு. பேசி முடித்ததும் எல்லாரும் கைதட்ட வேண்டும். என்ன பெருந்தன்மை, பாருங்கள்.

முதல் கூட்டத்தில், மாவு பிசையும் இயந்திரத்தைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியக்கா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"சார், வண்டிக்கு நேரமாகுதுன்னு சூட்டை ஏத்தி விடுறீங்க. வெளிய சீக்கிரம் செவந்துடுது. உள்ள வேகல."

"பாராட்டு எங்கம்மா?"

"வேகாததுல என்னத்த சார் பாராட்டுறது?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அருமையின் முகம் சுண்டிப்போனது. திங்கட்கிழமையே பெரியக்காவைத் தட்டு கழுவும் தொட்டிக்கு மாற்றினார். தண்டனை இல்லையாம், பேசும் முறையைப் பழகிக்கொள்ள அவகாசமாம். மனம் திறந்த லட்சணம் அவ்வளவுதான்.

அதன்பின் கூட்டங்கள் களைகட்டின.

"சார், உங்க சட்டை எடுப்பா இருக்கு. நீங்க ரொம்ப உழைக்கிறீங்க, அதுதான் குறை. உங்க சிரிப்பு அருமை."

இந்தக் கூத்தில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீட்டுக்குப் போய், "என் ஆளுங்களுக்கு என்கிட்ட ஒரு குறையும் இல்ல, தெரியுமா?" என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார். அவள் தலையாட்டுவாள். பேசும் முறையை எப்போதோ பழகியவள்.

சில வாரம் தட்டு கழுவியபின் பெரியக்கா அடுப்புக்குத் திரும்பினாள், வாயைப் பூட்டிக்கொண்டு. ரொட்டி வேகாமலே வண்டியேறியது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வாங்குவதை நிறுத்தினார்கள். அருமைக்கோ வேறு கவலை. முதலாளி புதுக் கிளை திறக்கிறார். அதன் பொறுப்பு தன் கைக்கு வந்தே ஆக வேண்டும். முதலாளியின் மனைவியான தன் அக்காவிடம் நச்சரித்தும் வைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை முதலாளியே வந்தார். அருமை சூடான ரொட்டி ஒன்றை அவர் முன்னால் வைத்தார்.

"நான் சொல்றதவிட இவங்களயே கேளுங்க மாமா. இங்க எதையும் மறைக்கிற பழக்கமே கிடையாது."

முதலாளி பெரியக்காவைப் பார்த்தார். "ரொட்டி எப்படிம்மா இருக்கு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "மேல நல்லா செவந்திருக்கு சார். அடியும் கருகாம அருமையா இருக்கு."

பழக்கதோஷத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். அருமையும் தட்டினார்.

"நடுவுல?" என்றார் முதலாளி.

பெரியக்கா ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரே ரொட்டியைப் பிட்டார். பச்சை மாவு விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"புதுக் கிளைக்கு வேற ஆள் பாத்துக்கிறேன் மச்சான்" என்றபடி, அந்த விரல்களை அருமையின் எடுப்பான சட்டையில் நிதானமாகத் துடைத்தார்.

பின்னால் யாரோ கைதட்டினார்கள்.