சம்சாரி வீட்டம்மா வேலை

ஒத்தக்கடையைத் தாண்டி வயல்களுக்கு நடுவே, கருவேலங்காட்டைத் திருத்தி முதன்முதலில் குடியேறிய குடும்பத்தின் வீடு இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் வாரிசுகள் அதை இடிக்காமல், விவசாயம் பார்த்த அந்தக் காலத்துச் சம்சாரி வீடு எப்படி இருந்தது என்று காட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்களுக்கு அந்த வீட்டு அம்மாவாக இருப்பது என் வேலை. கம்பு குத்துவேன், மோர் கடைவேன். என் வீட்டுக்காரராக நடிப்பவர் பழங்காநத்தத்தில் செல்போன் கடை வைத்திருந்து மூடியவர். ஏர் பிடிக்கப் பழகியதே இங்கேதான்.

சம்சாரி மனைவி என்றால் நெற்றியில் குங்குமம், தலையில் பூ, கழுத்தில் மஞ்சள் கயிறு வேண்டும். நிஜத்தில் என் கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மேனேஜரிடம் சொன்னேன்.

"அதுவும் டிரெஸ் மாதிரிதான் அக்கா" என்றார்.

சம்பளம் தேவைப்பட்டது, போட்டுக்கொண்டேன். சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பூ வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வில்லாபுரத்தில் நானும் மாமியாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் முப்பது வயதுக்குள் கணவரை இழந்தவர். பிறகு மகனையும் இழந்தார். அவரிடம் சமையல் வேலை என்று சொல்லியிருந்தேன். உண்மை தெரிந்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார் என்று பயம். எனக்குப் போக வேறு இடமில்லை.

தை மாதம் எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்து அங்கே வந்து இறங்கினார்கள். வருகிற பெண்களுக்கு வீட்டம்மா வாசலில் குங்குமம் கொடுப்பது அங்கே வழக்கம். தட்டோடு வாசலுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார் மாமியார். குங்குமத் தட்டுக்கு முன்னால் அவர் எங்கேயும் வருவதில்லை.

என் பொட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், கயிற்றையும் பார்த்தார். மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நான் அடுத்த பெண்ணுக்குத் தட்டை நீட்டினேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். நானே ஆரம்பித்தேன்.

"அத்தை, அது வேலைக்காகத்தான்..."

"தெரியுது. சாப்பிடு."

சாப்பிட்டு முடிக்கும்வரை டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"அங்கன எனக்கும் ஒரு வேலை கெடைக்குமானு கேளு."

"உங்களால கம்பு குத்த முடியுமா அத்தை?"

"எதுன்னாலும் செய்றேன். பூ வச்சுக்கிட்டுச் செய்ற வேலையாப் பாரு."