பம்பருக்குப் பின்னால் நாலு கோடு

போன மழைக்காலம் முழுக்கக் காற்றைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். கடற்காற்று இல்லை. அது கேட்காமலே வருகிறது, ஜன்னல் கம்பியைத் தின்கிறது, போகிறது. நான் யோசித்தது கார் என்ஜினுக்குள் போகும் காற்றை.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பார்ப்பதோ உட்கார்ந்து பார்க்கும் வேலை. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், யாரோ ஒருவரின் தாத்தா இறந்த பதிவு என்று பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் மாற்றிக் கொடுப்பது. ஒரு பக்கம் முடிந்தால் எழுந்து தெருமுனை வரை போய் வருவேன். சனி, ஞாயிறு என்றால் தெருமுனைக்குப் பதில் கார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். ரிப்பேர் எதுவும் இருக்காது. சும்மா பார்ப்பேன்.

சின்ன டர்போ பெட்ரோல் கார். என் கார் என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஓட்டுவதென்னவோ என் மனைவி. அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. புதுச்சேரியில் அரசு வேலை என்றால் என்றைக்காவது காரைக்காலுக்கு மாற்றல் வந்தே தீரும். அவளுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. திங்கள் விடியும் முன் கிளம்புவாள். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி. நாலு ராத்திரி அங்கே ஒரு வாடகை அறை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அதே ஊர்களைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு எட்டு மணிக்குள் வீடு. எங்களுக்கு வாரம் என்பது அந்த எட்டு மணியில்தான் தொடங்கும்.

அந்தக் காருக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. என்ஜினுக்குக் காற்றை வடிகட்டி விடும், கம்பெனி கொடுத்த கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டு வேறு குழாய் வைப்பது. அதில் இரண்டு வழி. ஷார்ட் ராம் என்பது குட்டைக் குழாய். பானெட்டுக்கு அடியிலேயே, என்ஜின் பக்கத்திலேயே இருந்துகொண்டு அங்குள்ள சூட்டுக் காற்றையே இழுக்கும். ஆனால் வழி குறைவு, அதனால் மிதித்த உடனே பதில் சொல்லும். டர்போவின் விசில் சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கும். கோல்ட் ஏர் என்பது நீளக் குழாய். என்ஜின் சூட்டிலிருந்து தப்பி, வளைந்து கீழே இறங்கி, பம்பருக்குப் பின்னால் சக்கரத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு வெளிக்காற்றைக் குடிக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியான காற்று. அடர்த்தி என்றால் பலம்.

சித்திரை வெயிலில் காலாப்பட்டு வரை போய் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்துவிட்டேன், கோல்ட் ஏர்தான் என்று. வெயிலில் எடுத்த முடிவு. குழாய் வந்து சேர்ந்தது ஐப்பசியில். மாட்ட நேரம் வாய்த்தது கார்த்திகையில், இரண்டு மழைக்கு நடுவே வெளுத்துக் கிடந்த ஒரு சனிக்கிழமை.

மெக்கானிக் ஷெட் கருவடிக்குப்பத்தில். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். குருசுக்குப்பத்துக்காரர். முதலில் போட் என்ஜின் பார்த்தவர், பிறகு கரையேறிக் காருக்கு வந்துவிட்டார்.

"என்னா சார், வண்டிக்கு மூச்சு பத்தலையா? நம்ம ஷெட்டு மேட்ட ஏறுனதுக்கே உங்களுக்கு வாங்குது. மொத உங்களுக்கு ஒரு பில்டர் மாட்டுவோம்."

"எனக்கு அப்புறம் மாட்டலாம். இத மாட்டுங்க."

"டர்போ வண்டிக்கு இது பெருசா ஒண்ணும் பண்ணாது, சொல்லிட்டேன். டர்போ காத்த அமுக்குறப்போ அது எப்படியும் சூடாவும். ஆவுற சூட்ட ஆத்தத்தான் முன்னாடி இன்டர்கூலர் வச்சிருக்கான். நீங்க ஐஸ் காத்து குடுத்தாலும் நடுவுல அடுப்ப தாண்டித்தான் போவணும்."

"கொஞ்சமாவது வித்தியாசம் இருக்கும்ல?"

"மனசுக்கு இருக்கும்" என்றார்.

நீளக் குழாய் வைக்க முன் பம்பரைக் கழற்ற வேண்டும். அவர் கழற்றி, திருப்பி, சுவரில் சாய்த்தார். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், இங்க வாங்க."

பம்பரின் உட்பக்கம். வெளியே பளபளவென்று இருந்ததற்கு உள்ளே சேறு. சும்மா தெறித்த சேறு இல்லை. நேர்கோடாகக் காய்ந்த சேறு, ஒன்றின் மேல் ஒன்றாக நாலு கோடு. கீழே உள்ளது வெளுத்திருந்தது. மேலே உள்ளது இன்னும் கறுப்பாக, விரல் வைத்தால் ஒட்டியது.

"போட்டுல இப்படித்தான் கோடு உழும். தண்ணி எவ்ளோ ஏறி நின்னுச்சோ அந்த மட்டம். தெறிச்சா புள்ளி புள்ளியா இருக்கும், கோடு உழாது. வண்டி நாலு தபா தண்ணிக்குள்ள போயிருக்குது." புதுக் குழாயை எடுத்து அதன் வாய் வரும் இடத்தில் பிடித்துக் காட்டினார். மேல் கோட்டுக்கு நாலு விரல் கீழே. "இத மாட்டியிருந்தா என்ஜின் தண்ணி குடிச்சிருக்கும். குடிச்சுதுன்னா உள்ள ராடு வளைஞ்சிடும், அதே எடத்துல நின்னுடும். யாரு சார் ஓட்டுறது, டீச்சரம்மாவா?"

"ஆமா."

"உங்ககிட்ட சொல்லலையா?"

எனக்கு ஒன்று உறைத்துக்கொண்டிருந்தது. மழை ஆரம்பித்ததிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் கார் கழுவித்தான் வீட்டுக்கு வருகிறது. கடலூரில் வாட்டர் சர்வீஸ் விட்டு, நம்பர் பிளேட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து. வெள்ளியன்று வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு, அதனால் நான் ஏன் என்று கேட்கவே இல்லை. கோயிலுக்குப் போகச் சொன்னால் விடைத்தாளைக் காட்டுகிறவள் அவள். தனியாக இருக்கிறாளே, பக்தி வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அதைக் குறித்து எனக்குள் ஒரு நாலு வரிகூட எழுதிப் பார்த்திருந்தேன்.

எந்தக் குழாயும் மாட்டாமல் பம்பரை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கட்டுக் கட்டாகப் பிள்ளைகளின் கையெழுத்து. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தரம் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

"என்னாங்க, இன்னைக்கு ஒட்டகமாட்டம் குடிக்கிறீங்க?"

"பம்பரக் கழட்டிப் பாத்தோம்."

சிவப்புப் பேனா நின்றது. அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. என்ன பம்பர், ஏன் கழற்றினீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை.

"எந்த எடம்?" என்று நான்தான் கேட்டேன்.

"சீர்காழி தாண்டி ஒரு எடம். சிதம்பரத்துக்கு முன்னாடி ஒண்ணு. எல்லா வாரமும் இல்ல."

"நாலு வாரம்."

"எண்ணிட்டீங்களா?" பேனாவை மூடினாள். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"போவேணாம்னு சொல்லியிருப்பேன்."

"வேலைக்கு எப்படிப் போவாம இருக்குறது? வராதன்னுதான் சொல்லியிருப்பீங்க. மழை முடியறவரைக்கும் அங்கயே இருந்துடு, எதுக்கு ரிஸ்க்குன்னு. ரெண்டு மாசம் நீங்க இங்க சுவத்தப் பாத்துகிட்டு, நான் அங்க சுவத்தப் பாத்துகிட்டு." மூடிய பேனாவைக் கட்டின் மேல் வைத்தாள். "பஸ்ஸு போவுதான்னு பாத்துட்டுத்தான் எறங்குவேன். கண்ண மூடிகிட்டு ஒண்ணும் போவல."

பஸ்ஸின் படி மட்டத்துக்குத் தண்ணீர் வந்தாலே நம் கார் முழுகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குத் தெரியாததா? தெரிந்துதான் நாலு வாரம் ஒவ்வொரு தடவையும் கடலூரில் கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள், பசியோடு, வீட்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவில்.

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இந்த மனுஷனிடம் சொன்னால் தடுப்பான் என்று ஒருத்தி நினைக்க, நான் இத்தனை வருடம் என்னென்ன சொல்லியிருக்க வேண்டும்? ஜன்னலுக்கு வெளியே மழை இல்லை. பக்கத்து மாடியில் யாரோ ஈரத் துணியை மறுபடி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே சொல்லு. வான்னும் சொல்ல மாட்டேன், வராதன்னும் சொல்ல மாட்டேன். தண்ணி எவ்ளோன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

"சொல்ல மாட்டீங்க?"

"மாட்டேன்."

அவள் என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. விடைத்தாள்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கேட்டாள்: "நீங்க சொல்லுவீங்களே அந்தக் குழாயி, ரெண்டுல எது மேல இருக்கும்?"

"ஷார்ட் ராம். அந்தக் கோட்டுக்கு ஒரு சாணுக்கு மேலயே நிக்கும். ஆனா சூட்டுக் காத்து. சத்தமும் ஜாஸ்தி."

"என்ன மாதிரி சத்தம்?"

விசிலடித்துக் காட்டினேன். கேவலமாக வந்தது. அவள் சிரித்தாள்.

"அதையே போடச் சொல்லுங்க. சிதம்பரம் தாண்டுனா ரேடியோவும் எடுக்க மாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் வந்து, வாங்கி வைத்திருந்த நீளக் குழாயையே அறுத்துக் குட்டையாக்கி மாட்டிக்கொடுத்தார். என்ஜின் சூடு நேராக அடிக்காமல் பில்டருக்கும் அதற்கும் நடுவே ஒரு தகடு வெட்டி வைத்தார். "டீச்சரம்மா, இது தண்ணிக்கு மேல இருக்குதுன்னு தைரியத்துல எறங்கிடாதீங்க. முட்டிக்கு மேலன்னா எந்தக் குழாயும் காப்பாத்தாது" என்றார். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள். திங்கள் விடிவதற்கு முன் கிளம்பிப் போனாள். தெருமுனை திரும்பும்வரை அந்த விசில் கேட்டது.

அந்த வாரம் வியாழன் ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை நான் ஒரு சான்றிதழைக்கூட முடிக்கவில்லை. ஆறு மணிக்கு போன் வந்தது. பின்னால் மழைச் சத்தம், யாரோ லாரிக்காரர் கத்தும் சத்தம்.

"சீர்காழிக்கு முன்னாடி நிக்கறேன். பஸ்ஸு போவுது. ஆனா ஒரு ஆளு நடந்து வந்தாரு, அவருக்கு முட்டிக்கு மேல இருந்துச்சு."

எனக்குள் வா, வராதே என்று இரண்டு சொல்லும் தயாராக நின்றன. இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

"திரும்பிடறேங்க" என்றாள். "ரூமுக்கே போறேன். இந்த வாரம் வரல."

"சரி" என்றேன். பிறகு, "சாப்பிட எதனா இருக்கா?" என்று கேட்டேன்.

"பன்னு இருக்கு" என்றாள். அவள் வண்டியைத் திருப்பி முடிக்கிறவரை போனை வைக்காமல் இருந்தேன்.