ஆடிட் நாளில் மாமல்லபுரம்

யாராவது வயிற்றெரிச்சலோடு மாமல்லபுரம் போவார்களா? சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் போனேன்.

செங்கல்பட்டுப் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி நான். பணியிடப் பாதுகாப்புச் சான்றிதழுக்காக அலைந்து திரிந்து ஆடிட் ஏற்பாடு செய்ததும் நான்தான். ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். "பிரஸ் ஷாப் லேடீஸை நாளைக்கு எங்கியாவது டூர் கூட்டிகினு போயிடும்மா. நீயும் கூடவே இரு."

காரணம் ஊரறிந்தது. தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின்களில் கையைக் காக்கும் தடுப்பைக் கழற்றிவிட்டார்கள். அது இருந்தால் வேலை மெதுவாகிறதாம். சில வாரம் முன்பு அதில்தான், மெஷின் ஓட்டும் அஞ்சலை அக்காவின் விரல் நுனி போனது. ஆடிட்டர் சொன்னாலாவது தடுப்பை மாட்டுவார்கள் என்று நம்பியிருந்தேன். ஆளும் இல்லை, மெஷினும் ஓடவில்லை என்றால் அவர் எதைப் பார்ப்பார்? அநியாயம்.

காலை எட்டரைக்குப் பஸ் கிளம்பியது. திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம்.

"இன்னா மேடம், உம்முனு வந்துகினு கீறீங்க? சம்பளத்தோட டூரு வுட்டுகீறாங்க" என்றார் அஞ்சலை அக்கா.

"திங்கக்கிழமை அதே மெஷின்லதானே உக்காரணும், அக்கா?"

"அதுக்கு இன்னிக்கே ஏன் பேஜாராவணும்?"

கடற்கரைக் கோயிலுக்கு ஆளுக்கு நாற்பது ரூபாய். அதே டிக்கெட் ஐந்து ரதங்களுக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆடிட்டரை மதியம் மீன் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்கு இழுத்து வந்து பாதி நாளை ஓட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றும் அழைத்து வந்திருக்கிறார் மேலாளர். சாப்பிட்டதும் ஆடிட்டர் கோயிலைப் பார்க்கணும் என்றிருக்கிறார். இங்கே எங்கள் பெண்கள் அத்தனை பேரும், ஆடிட்டுக்கென்று கொடுத்த புது நீல யூனிஃபார்ம் கோட்டைப் புடவைமேல் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர். மேலாளருக்கு முகம் வெளிறிவிட்டது.

ஆடிட்டர் நேராக அஞ்சலை அக்காவிடம் வந்தார். "கையில என்னம்மா கட்டு?"

அக்கா என்னைப் பார்த்தார். மேலாளரும் என்னைத்தான் பார்த்தார். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது.

"சொல்லுங்க அக்கா."

"மெஷின்ல மாட்டிகிச்சு சார். தடுப்பு கயட்டிட்டாங்க. இப்பவும் அப்டியேதான் கீது."

ஆடிட்டர் மேலாளரின் காரில் ஏறவில்லை. எங்கள் பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

ஐந்து ரதங்களை நாங்கள் பார்க்கவில்லை. நீங்கள் போனால் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் மணல் சுடும். ஆடிட் ஏற்பாடு செய்பவர்களுக்கும் ஒன்று: தேதி குறித்ததோடு விட்டுவிடாதீர்கள், மெஷின் ஓட்டுகிறவர் அன்று மெஷின் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

அன்று மாலை அஞ்சலை அக்கா தன் மெஷினை ஆடிட்டருக்குக் காட்டினார். தடுப்பு மாட்டாமல் ஓட்டக்கூடாது என்று அவர் தன் அறிக்கையில் எழுதிவிட்டார். மறுவாரமே மாட்டினார்கள். சான்றிதழ் இன்னும் வரவில்லை. மேலாளர் என்னோடு பேசுவதும் இல்லை. அஞ்சலை அக்காவின் மற்ற ஒன்பது விரல்களும் பத்திரமாக இருக்கின்றன.