கோயில் படை என்று போட்டுவிட்டார்கள்

பௌர்ணமியன்று திருவண்ணாமலைப் பக்கமே போவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். செங்கம் சாலையில் ஒரு வாசகர் வட்டம் என்னைப் பேச அழைத்தது. நாள்காட்டியைப் பார்க்காமல் அழைத்திருக்கிறார்கள்.

மதியம் ஒன்றரைக்குக் கீழ்பென்னாத்தூரில் டவுன் பஸ் ஏறினோம், நானும் அப்பாவும். எனக்கு இலவசம், அவருக்கு டிக்கெட். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், வரலாற்றில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது டெம்ப்ளர்கள். எருசலேமுக்குப் போகும் கிறிஸ்தவ யாத்திரிகர்களைக் காக்க, பன்னிரண்டாம் நூற்றாண்டில் துறவு பூண்டு வாளேந்தியவர்கள். அப்பாவோ 'டெம்பிள்' என்ற சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "எம் பொண்ணு கோயிலப் பத்திப் படிக்குது" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். திருத்தினால் தலையாட்டுவார். மறுநாள் டீக்கடையில் அதே பேச்சு. நேரில் கேட்டாலாவது புரியட்டும் என்றுதான் கூட்டிப்போனேன்.

திருவண்ணாமலைக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார்.

"ரொம்ப ஜாஸ்திங்க," என்றார் அப்பா.

"ரோடெல்லாம் அடச்சிட்டாங்க, சுத்தினுதான் போவணும். கிரிவலமும் ஆச்சின்னு வெச்சிக்கங்களேன்."

மூன்றரைக்குக் கூட்டம் நடக்கும் லாட்ஜ் மாடியை அடைந்தோம். வாசலில் விளம்பரம்: 'கோயில் படையின் எழுச்சியும் வீழ்ச்சியும்'. உள்ளே நெற்றி நிறையத் திருநீறோடு கூட்டம்.

"டெம்ப்ளர்னா யாருக்குங்க புரியும்? அதான் தமிழ்ல போட்டுட்டேன்," என்றார் அமைப்பாளர். பிறகு காதோரம், "நம்ம கோயிலப் பத்தியும் பத்து நிமிஷம் சேத்துக்கங்க. இல்லன்னா எழுந்து போயிடுவாங்க."

"நான் அதைப் படிக்கலைங்க."

எருசலேம் என்றதும் முதல் வரிசை எழுந்தது. ஒருவர் கை தூக்கி, "அவங்க எந்த கோபுரத்தாண்ட காவல் இருந்தாங்க?" என்றார். எந்தக் கோபுரமும் இல்லை என்றேன். பழைய யூதக் கோயில் நின்றதாக நம்பப்பட்ட மேட்டில் எருசலேம் அரசன் அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தான். அதனால் வந்த பெயர்.

"அப்ப குடியிருந்த வீட்டு அட்ரஸ்தானா?"

சிரித்தார்கள். சிரித்தவர்களும் போனார்கள். அப்பா மட்டும் இரண்டாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாத்திரிகர்கள் ஓரிடத்தில் பணம் கட்டி வேறிடத்தில் வாங்கிக்கொள்ள அவர்கள் செய்த ஏற்பாட்டையும், சேர்ந்த சொத்தின்மேல் பிரெஞ்சு மன்னன் கண் வைத்ததையும் சொல்லி, விடியற்காலையில் அவனது ஆட்கள் கதவைத் தட்டிய இடத்துக்கு வந்தேன். அண்டாக்களும் வந்துவிட்டன. கூடத்தை அன்னதானத்துக்கும் சேர்த்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

"சுருக்கமா முடிச்சிடுங்கம்மா," என்றார் அமைப்பாளர். முடிக்கவில்லை. அப்படியே இறங்கிவிட்டேன்.

ஆறு மணி பஸ்ஸில் முன்சீட்டில் அப்பாவுக்குத் தெரிந்த சோமாசிபாடிக்காரர் ஒருவர் இருந்தார்.

"என்னாப்பா, பொண்ணு கோயிலப் பத்தி பேசுச்சா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கோயில் இல்லடா. அது அவங்க தங்கியிருந்த எடத்தோட பேரு," என்றார் அப்பா. "யாத்திரை போறவங்களுக்குக் காவல் நின்ன சாமியாருங்க. சிலுவ போட்டவங்க. கையில கத்தி."

"சாமியாரு கையில கத்தியா? அப்பறம்?"

"தெரியல. அதுக்குள்ள சாம்பார் வந்துடுச்சி." அப்பா என் பக்கம் திரும்பினார். "கதவத் தட்டுனாங்களே. புடிச்சிட்டாங்களா?"

பஸ் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னேன். பிடித்தார்கள், வதைத்தார்கள், சிலரை எரித்தார்கள். போப்பாண்டவர் அமைப்பையே கலைத்தார். போர்த்துகலில் மட்டும் வேறு பெயரில் பிழைத்தது. அந்தப் புது அமைப்பின் சிலுவைதான் பின்னால் கப்பல் பாய்களில் ஏறி நம் நாட்டுக் கடற்கரைக்கு வந்தது.

பஸ் நின்றது. கீழ்பென்னாத்தூர். வழியில் சோமாசிபாடியில் இறங்க வேண்டியவர் இன்னும் முன்சீட்டில்தான் இருந்தார். தாண்டி வந்த தூரத்துக்கு டிக்கெட் கேட்டு கண்டக்டர் அவர் பக்கத்தில் நின்றார்.

"உம் பொண்ணால எனக்கு தண்டம்பா."

"அதுக்கு நான் என்னா பண்றது," என்றார் அப்பா, இறங்கிக்கொண்டே. "அது எருசலேம் வரைக்கும் படிச்சிருக்குது."